கடைசிக்கு மட்டும் தேர்ஃபோர்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டபோதே எனக்குப் பிடிபடாமல் போய்விட்டது. கோர்ட்டுக் குமாஸ்தாத் தம்பிகள் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பல நாளாகக் கேட்கிறார்கள். பிரதி எடுக்கும் தம்பி பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

இனிமேல் தீர்ப்புகளைத் தமிழிலேயே வாசிப்பார்கள் என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. அதை வைத்துத்தான், என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி ஒரு நாள் கேட்டார்: “அண்ணே, இத்தனை வருஷம் இங்கிலீஷ் தீர்ப்புக்குப் பின்னாலேயே நின்னீங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தையாவது புரிஞ்சுதா?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பதில் எப்போதும் தாமதமாகத்தான் வரும். சில வார்த்தைகள் புரிந்தன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திருச்சிராப்பள்ளியில் ஜட்ஜ் ஐயாவுக்கு நான் டவாலியாக இருந்தேன். மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதன் நடுவில் பித்தளை வில்லை, தலையில் முண்டாசு. ஐயா அறையிலிருந்து புறப்படும்போது நான் முன்னால் நடந்து “உஷ்!” என்று சத்தம் காட்ட வேண்டும். அவர் உட்காரும்போது நாற்காலியை இழுத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர் டம்ளரை மூடி வைப்பதும், பென்சில் சீவுவதும், சாட்சிகளின் பெயரை வாசலில் நின்று மும்முறை கூப்பிடுவதும் என் வேலை. மற்ற நேரமெல்லாம் ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுகொண்டு, வயதாகும் முன்பே டாக்டர் சர்ட்டிபிகேட்டுடன் ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் கூச்சக்காரன். கடையில் கடலைப்பருப்பு கேட்கக்கூட எனக்கு இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு ஊர் கேட்கக் கூவுகிற உத்தியோகம் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாட்சியை நான் கூப்பிட்டது, எதிரே நின்ற அந்தச் சாட்சிக்கே கேட்கவில்லை. பெஞ்சு குமாஸ்தா சம்பத்தையங்கார் எழுந்து வந்து என் காதோடு சொன்னார்: “மாணிக்கம், கூப்பிடறது நீ இல்லே. கோர்ட்டு கூப்பிடறது. உன் வாயைக் கொஞ்சம் அதுக்கு வாடகைக்கு விடு, போதும்.” அதற்குப் பிறகு எனக்குக் குரல் வந்துவிட்டது. வில்லையைக் கழற்றினால் மறுபடி போய்விடும்.

சம்பத்தையங்காருக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு. விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருமண் காய்வதற்குள் கோர்ட்டுக்கு வந்துவிடுவார் என்று சொல்வார்கள். ஜட்ஜுக்குக் கீழே, கூண்டில் நிற்பவனுக்கு எதிரே அவருடைய மேஜை. ஜட்ஜ் எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பதும், தீர்ப்பு வாசித்து முடிந்ததும் கூண்டில் இருப்பவனுக்குத் தமிழில் சொல்வதும் அவர் பொறுப்பு. ஜட்ஜ் ஒரு மணி நேரம் வாசித்ததை ஐயங்கார் ஒரே மூச்சில் முடிப்பார். “உன்னை விடுதலை செய்திருக்கு” அல்லது “உனக்கு இத்தனை வருஷம் போட்டிருக்கு.” அவ்வளவுதான். எல்லாக் கோர்ட்டிலும் அப்படித்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

முதல் சில வருஷங்கள் இங்கிலீஷ் எனக்கு ஓட்டில் மழை பெய்கிற சத்தம் மாதிரிதான் இருந்தது. ஆனால் பின்னால் நிற்கிறவனுக்கு முதுகு தெரியும். ஐயா சில வார்த்தைகளுக்கு முன்னால் நிறுத்தி மூச்சு வாங்குவார், தோள் சற்று நிமிரும். அந்த இடங்களில் வக்கீல்களும் பேனாவை எடுப்பார்கள். அப்படித்தான் ‘தேர்ஃபோர்’ என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. பிறகு ‘ஹென்ஸ்’. பிறகு ‘ஸோ’, ‘கான்ஸிக்வென்ட்லி’, ‘அக்கார்டிங்லி’.

ஒரு நாள் டிபன் வேளையில் ஐயங்கார் தயிர்சாதத்தைத் திறக்கும்போது தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “சாமி, இந்த தேர்ஃபோர், ஹென்ஸ் எல்லாம் ஒண்ணுதானா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன், நீ ஜட்ஜாகப் போறியா?”

“இல்லீங்க. அந்த வார்த்தை வந்தா எல்லாரும் நிமிர்ந்து உட்கார்றாங்க.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். மாவடுவைக் கடித்துக்கொண்டே சொன்னார். “ஒண்ணுதான், ஆனா ஒண்ணில்லே. ஏகாதசிக்கு ஊரெல்லாம் ஸ்ரீரங்கத்துக்கு வரா. அதோட விளைவா எங்க தெருவிலே நடக்க இடமில்லே. ஒண்ணு இன்னொண்ணை இழுத்துண்டு வரது. அது கான்ஸிக்வென்ட்லி. பெருமாள் இந்த நேரத்துக்குப் புறப்பாடுன்னு அறிவிச்சுட்டா. அதன்படி நாங்க வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு வைக்கறோம். அது அக்கார்டிங்லி. இப்போ இதைக் கேளு. மடப்பள்ளியிலே புகை காணலே. மணிச் சத்தம் கேக்கலே. பரிசாரகர் இன்னும் வாசல்லே நின்னு பேசிண்டிருக்கார். ஆகையால் தளிகை இன்னும் ஆகலே. உள்ளே போய்ப் பார்த்தவா யாரும் இல்லே. வெளியிலே தெரியறதையெல்லாம் சேர்த்து வச்சுண்டு, தெரியாததை நாமே சொல்றோம் பார், அதுதான் தேர்ஃபோர்.”

“அப்ப ஹென்ஸ்?”

“அதோட தம்பி. உசரம் கம்மி. ஸோ, வீட்டிலே பேசறது. போய்த் தண்ணி கொண்டா.”

அன்று சாயங்காலம் தென்னூருக்கு நடந்து வரும்போது எனக்கு ஏதோ சொத்துக் கிடைத்தது போல இருந்தது. வீட்டில் என் மனைவியிடம், “மழை வர மாதிரி இருக்கு, கடை தூரம், ஆகையால் அரிசி நாளைக்கு” என்று சொல்லிப் பார்த்தேன். “ஆகையாலை நான் பார்த்துக்கறேன், நீங்க அரிசியை வாங்கிட்டு வாங்க” என்று பையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

நான் பின்னால் நின்ற ஜட்ஜுகளில் இப்போது சொல்லப்போகிறவர் தெற்கேயிருந்து வந்தவர். தமிழர்தான். மெலிந்த உடம்பு, பூனை நடை. கோர்ட்டில் இங்கிலீஷைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். தீர்ப்பைத் தன் கையாலேயே எழுதுவார். வாசிக்கும்போது மற்றவர்களைப் போலக் காகிதத்தையோ வக்கீலையோ பார்க்காமல், ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் கூண்டில் நிற்பவனைப் பார்ப்பார். அவனுக்கு ஒன்றும் புரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவனிடம் சொல்வது போலத்தான் வாசிப்பார். வாசித்து முடிக்கும்வரை தண்ணீரைத் தொடமாட்டார்.

அவர் வந்த புதிதில் ஒரு கத்திக்குத்து வழக்கு. கூண்டில் நின்றவனுடைய அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறான்: “தேர்ஃபோர்னு ஒரு வார்த்தை வரும். அதுக்கப்புறம் வர்றதுதான் முடிவு. அப்ப நம்ம வக்கீல் முகத்தைப் பாருங்க, தெரிஞ்சுடும்.” தீர்ப்பின் நடுவிலேயே ஐயா ‘தேர்ஃபோர்’ என்றார். குத்து நடந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்ததாக அவன் சொன்னதைத் தான் நம்பவில்லை என்பதற்காகச் சொன்னது அது என்று பிறகு ஐயங்கார் சொன்னார். வக்கீலுடைய முகம் தொங்கியது. ஜன்னலில் அந்த அக்கா “ஐயோ, என் தம்பியைக் கொன்னுட்டாங்களே!” என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். கான்ஸ்டபிள்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐயா வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பிறகு தொடர்ந்தார். கடைசியில் அவனை வேறு காரணங்களால் விடுதலை செய்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னால் அந்த அக்கா நம்பவில்லை. “மனசைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க” என்றே அழுதாள். தம்பி நேரில் வந்து நின்றபோதும் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் ஐயா விசாரித்தார். ஐயங்கார் நடந்ததைச் சொன்னார்.

அடுத்த தீர்ப்பைச் சரிபார்க்கும்போது ஐயங்கார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நடுப் பக்கங்களில் ஒரு வார்த்தை அடிக்கப்பட்டு, மேலே வேறு வார்த்தை எழுதியிருந்தது. “பார்த்தியா? நடுவிலே வர தேர்ஃபோர் அத்தனையும் அடிச்சுட்டார். எல்லாம் ஹென்ஸ், ஸோன்னு மாத்தியிருக்கார். கடைசிக்கு மட்டும் தேர்ஃபோர்.” சற்று நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஜன்னல்லே நிக்கறவாளுக்காகத் தன் இங்கிலீஷைத் திருத்திக்கற ஜட்ஜை நான் இப்பத்தான் பார்க்கறேன்.”

ஐயா அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவர் இங்கே இருந்தவரை அதுதான் அந்தக் கோர்ட்டின் வழக்கமாக இருந்தது. வக்கீல் குமாஸ்தாக்களுக்குத் தெரிந்தது. அவர்கள் மூலமாக ஜனங்களுக்கும் தெரிந்தது. ‘தேர்ஃபோர்’ வரும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு பொறுமையாக இருப்பார்கள்.

நான் மறக்காத வழக்கு ஒன்று உண்டு. தொட்டியம் பக்கத்துக்காரர்கள். அங்காயி என்ற அம்மாளுக்கு மருதை, நல்லுசாமி என்று இரண்டே பிள்ளைகள். புருஷன் இல்லை. வாழைத்தோட்டம் இருவருக்கும் பொது. வாய்க்கால் தண்ணீர் முறையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. அன்று சாயங்காலம் மருதை வாய்க்காலில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். தம்பி நல்லுசாமி மண்வெட்டியோடு ஓடியதைப் பார்த்ததாகப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் சாட்சி சொன்னார். கொலை வழக்கு.

அங்காயி சாட்சியாக வந்தார். நான்தான் பெயர் கூப்பிட்டேன். வற்றல் உடம்பு, நெற்றியில் வெறும் திருநீறு. சண்டை நடந்ததா என்று கேட்டார்கள். “நடந்துச்சு” என்றார். இவன் கொன்றிருப்பானா என்று சர்க்கார் வக்கீல் ஒரு மாதிரியாகக் கேட்டபோது, “நான் அங்க இல்லைங்களே” என்றார். கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு நாளில் ஐயா வெகுநேரம் வாசித்தார். கடைசியில் தோள் நிமிர்ந்தது. தேர்ஃபோர். நான் வக்கீல் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐயங்கார் எழுந்து, “நல்லுசாமி, உன்னை விடுதலை செய்திருக்கு” என்றார். அவன் கும்பிட்டான். பின்வரிசையில் அங்காயி எழுந்து, யாரிடமும் பேசாமல் வெளியே போய்விட்டார்.

சில நாள் கழித்துக் காலையில் நான் வராந்தாவில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தபோது அங்காயி வந்து நின்றார். பரிசலேறி அக்கரைக்கு வந்து ரயில் பிடித்து வந்திருந்தார். புடவை ஓரத்தில் ஈரம் காயவில்லை.

“ஐயா, நீங்கதானே துரைக்குப் பின்னால நின்னவரு?”

“ஆமாம்மா. துரை இல்லை, நம்மவருதான்.”

“அவரு அவ்வளவு நேரம் பேசினாரே. அதுல என்ன சொன்னாரு?”

“விடுதலைன்னு சொன்னாரும்மா.”

“அதை அந்த நாமக்கார சாமி சொல்லிட்டாரே. அதுக்கு முந்தி சொன்னதைக் கேக்கறேன். எதனால விட்டாரு?”

இத்தனை வருஷத்தில் தீர்ப்பு முடிந்த பிறகு ஒருவரும் வந்து இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தேர்ஃபோருக்குப் பின்னால் வருவதுதான் வேண்டும். இந்த அம்மாளுக்கு முன்னால் வந்தது வேண்டும்.

அவரே சொன்னார். “ஊர்ல வக்கீலு கெட்டிக்காரன், அதான் தப்பிச்சான்ங்கறாங்க. வீட்டுல மருதை பொண்டாட்டியும் பச்சைப் பொண்ணும் இருக்குதுங்க. இவன் வாசல்ல வந்து நின்னான். நான் கதவைத் தொறக்கலை. இப்ப இங்க புத்தூர்ல தெரிஞ்சவங்க மாட்டுக்கொட்டாயில கெடக்கறான். நான் பெத்த ஒருத்தனை இன்னொருத்தன் கொன்னிருந்தா, உசிரோட இருக்கறவனுக்கு நான் சோறு போடக்கூடாது. கொல்லலைன்னா, நான் அவனை வாசல்ல நிக்க வச்சது பாவம். எதுன்னு தெரியாம எனக்கு ஒரு வாய் இறங்கலைங்க. அவரு ரெண்டு பக்கமும் கேட்டவரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

அந்தத் தீர்ப்பில் எனக்குத் தெரிந்தது எங்கெங்கே மூட்டு இருந்தது என்பது மட்டும்தான். ஹென்ஸ் வந்தது, ஸோ வந்தது, தேர்ஃபோர் வந்தது. மூட்டுக்கு மூட்டு நடுவில் என்ன இருந்தது என்று தெரியாது. அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐயங்காரிடம் போனேன். “நகலுக்கு மனுப் போடச் சொல்லு” என்றார், தலை நிமிராமல்.

“படிக்கத் தெரியாதவங்க சாமி. யாராவது சொன்னாத்தான் உண்டு.”

“ஏம்ப்பா, கோர்ட்டுச் சிப்பந்தி வழக்கைப் பத்தித் தனியாப் பேசினா வேலை போயிடும். உனக்கும் எனக்கும். சாமி தரிசனம் பண்ணி வச்சுட்டு ஊருக்கு அனுப்பு.”

அப்புறம் நான் செய்தது என் சுபாவத்தில் இல்லாதது. டிபன் வேளையில் ஐயா கழற்றிக் கொடுத்த கறுப்பு அங்கியைக் கொக்கியில் மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன மாணிக்கம்? கவுன் கிழிஞ்சிருக்கா?”

“இல்லீங்க.” தொண்டையைச் செருமினேன். வில்லை மார்பில் இருந்தும் குரல் வரவில்லை. மறுபடி செருமினேன். பிறகு அங்காயி சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லிவிட்டேன். முடிக்கும்போது அங்கியின் கழுத்துப் பட்டையைக் கசக்கியிருந்தேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் தமிழில் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. தெற்கத்தி ராகம் அப்படியே இருந்தது.

“தீர்ப்பு வாசிச்சு முடிச்சதும் நான் வாயை மூடிக்கிடணும். அதுல எழுதாததை இனி யார்கிட்டயும் சொல்ல முடியாது. அந்த அம்மாகிட்டயும்தான்.” கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “ஆனா எழுதினதை அவங்களுக்குப் புரியிற பாஷையில சொல்லியிருக்கணும். நாம முடிவை மட்டும் சொல்லிட்டு அனுப்பிருதோம். காரணத்தை நமக்கே வச்சுக்கிடுதோம்.”

மணியை அடித்தார். ஐயங்கார் வந்தார். “கோர்ட்டு எழுந்தப்புறம் அந்த அம்மாவுக்குத் தீர்ப்பு முழுக்கத் தமிழ்ல வாசிச்சுக் காட்டும். சுருக்க வேண்டாம். நிறுத்தச் சொன்னா நிறுத்தும்.”

ஐயங்கார் வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, “நீ ஊமைன்னு நினைச்சேனே!” என்றார். ஆனால் கோபமில்லை.

சாயங்காலம் காலியான கோர்ட்டு ஹாலில் அங்காயி வந்து உட்கார்ந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. தரையில் கூண்டை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். ஐயங்கார் தன் நாற்காலியில், மடியில் தீர்ப்போடு. நான் வழக்கம்போல நின்றேன். ஐயாவின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

ஐயங்கார் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் கண்ணை ஓட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் நின்ற இடத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் வளர்ந்த வாழை இருந்தது. பொழுது சாய்ந்திருந்தது. “அதனால், ஓடினது யார்னு அவர் முகம் பார்த்துச் சொன்னதா ஏத்துக்க முடியலே.”

“நிறுத்துங்க சாமி.” அங்காயி கையை நீட்டினார். “காத்தடிச்சா எலை கிழிஞ்சு தொங்கும். கிழிஞ்ச எலை நடுவுல ஆள் தெரியும். எதனால அதனால?”

பிள்ளைக்கு விரோதமாகவே கேட்கிறாரே என்று நினைத்தேன். ஐயங்கார் இரண்டு வரி பின்னால் போய்த் தேடினார். “அதையும் எழுதியிருக்காரம்மா. அது காத்து மாசம் இல்லே, இலை முழுசா இருந்ததுன்னு அந்தத் தோட்டக்காரரே ஒப்புண்டிருக்கார்.”

அங்காயி யோசித்தார். “மாசிக் கடைசி. ஆமா. முழுசாத்தான் இருக்கும். சரி. மேல சொல்லுங்க.”

டாக்டர் சொன்னதை ஐயங்கார் வாசித்தார். மண்டையிலிருந்த காயம் மண்வெட்டியாலும் ஆகலாம், வழுக்கி மதகுக் கல்லில் விழுந்தாலும் ஆகலாம். அதனால் யாரோ அடித்துத்தான் செத்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“அந்தக் கல்லு பாசி புடிச்சிருக்கும்” என்று அங்காயி தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, “இதை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். ஐயங்கார் சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டார். அவருடைய உதடும் கூடவே அசைந்தது. மருமகளிடம் சொல்வதற்காக மனப்பாடம் செய்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சண்டை போட்டவன் என்பதாலேயே கொன்றவன் என்று ஆகாது என்ற இடம் வந்தது. “அது எனக்குத் தெரியும்” என்றார் அங்காயி. “அண்ணன் தம்பி வாய்க்கா வரப்புல கட்டிப் புரளுவானுங்க, வீட்டுக்கு வந்து ஒரே தட்டுல திம்பானுங்க.” அதைச் சொன்னதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஐயங்கார் காகிதத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொறுத்துக்கொண்டு இருந்த அந்த நேரம்தான் எனக்கு அவரைப் பற்றி நினைக்கும்போது முதலில் ஞாபகம் வருவது.

கடைசிப் பக்கம் வந்தது. அதுவரை ‘அதனால்’ என்றே சொல்லிவந்தவர், இப்போது குரலை மாற்றி, “ஆகையால் இவனை விடுதலை செய்கிறேன்” என்று வாசித்தார்.

அங்காயி காத்திருந்தார். “அப்புறம்?”

“அவ்வளவுதான்மா. கையெழுத்து.”

“ஆகையால் இவன் கொல்லலைன்னு எங்க?”

“அது இல்லே.”

“படிக்க விட்டுட்டீங்களா?”

“விடலேம்மா. அவர் எழுதலே. கொன்னான்னு நிச்சயமாச் சொல்ல முடியலே, ஆகையால் விடுதலை. அவர் கையிலே இருந்த காரணங்கள் அந்த இடம் வரைக்கும்தான் கொண்டு விடும். அதைத் தாண்டி ஒரு அடி வச்சா, அது அவர் சொந்த எண்ணம். தீர்ப்பு ஆகாது.”

“அந்தச் சொந்த எண்ணத்தைத்தான் கேக்க வந்தேன்.”

“அதைக் கேக்கப்படாதும்மா.”

அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஐயா வாசலில் வந்து நின்றார். குடையும் தொப்பியும் கையில் இருந்தன, வீட்டுக்குப் புறப்பட்டவர். நான் முன்னால் நடந்து ‘உஷ்’ சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அங்காயி எழுந்து அவரைக் கும்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஜட்ஜ் போகும் வழியில் யார் இருந்தாலும் ஒதுங்கி நிற்பதுதான் முறை. ஐயா சுவரோரமாக ஒதுங்கி, முதலில் அந்த அம்மாள் போகட்டும் என்று நின்றார். அங்காயி அவரைக் கடந்து போனார். அதற்குப் பிறகுதான் ஐயா காருக்குப் போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் நல்லுசாமி குந்தியிருந்தான். அம்மா வந்திருப்பதாக யார் சொன்னார்களோ, புத்தூரிலிருந்து வந்திருக்கிறான். அவரைப் பார்த்ததும் எழுந்தான். கிட்டே வரவில்லை.

“என்னம்மா சொன்னாங்க?”

“தெரியலைன்னு சொன்னாங்கடா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயிலில் வளர்ந்த முடி கழுத்து வரை இறங்கியிருந்தது. அங்காயி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஐயங்காரும் படியில் நின்றோம். இருட்டுவதற்கு முன்னால் வாட்ச்மேன் கேட்டைச் சாத்த வேண்டும். அவனும் சாவியை வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு அங்காயி என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அம்மா மண்டபத்துக்கு எப்படிப் போவணும்?”

“சீரங்கத்துல இருக்கும்மா, காவேரிக் கரையில. இப்ப எதுக்கு?”

“ராத்திரி அங்கேயே தங்கிக்கலாம்ல? விடியறப்ப அம்பட்டர் இருப்பாங்களா?”

“இருப்பாங்க.”

மருதைக்கு ஆண் வாரிசு இல்லை. அண்ணனுக்கு மொட்டை போட்டுத் தண்ணீர் விட வேண்டியவன் தம்பி. அவன் காவலில் இருந்ததால் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்திருக்கிறார். அதோடு நின்றுவிட்டது. கொன்றவன் கையால் விடுகிற தண்ணீர் செத்தவனுக்குப் போய்ச் சேராது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்காயிக்கும் தெரியும். நல்லுசாமிக்கும் தெரியும்.

“வாடா” என்றார் அங்காயி. “உங்கண்ணனுக்கு இன்னும் ஒருத்தரும் தண்ணி விடலை.”

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அங்காயி பக்கத்தில் நின்று அவன் தலைமுடியில் கையை விட்டுக்கொண்டிருந்தார். அவன் எழுந்திருக்கும்வரை ஒருவரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

ஐயங்கார் படியிறங்கிப் போய் ரோட்டில் ஒரு குதிரை வண்டியை நிறுத்தினார். “நானும் அந்தப் பக்கம்தான் போறேன். நானே கொண்டுபோய் விடறேன், ஏறிக்கோங்கோ” என்றார். தினமும் தனியாகப் போய்ப் பழகிய மனிதர். ஆசாரம் பார்ப்பவர். தாயையும் பிள்ளையையும் உள்ளே மெத்தையில் உட்கார வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்காரன் பக்கத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி புறப்பட்டது.

தென்னூர்,
சர்வதாரி வருஷம், பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.